வடசென்னைக்குப் புதிதாக வருபவர்களுக்கு: ‘லைன்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளும் வழி

தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ வீடு பார்த்து வந்துவிட்டீர்கள் என்றால், முதல் வாரத்தில் உங்கள் காதில் அதிகம் விழப்போகும் ஆங்கிலச் சொற்களில் ஒன்று ‘லைன்’. வீட்டுக்கார அம்மா சொல்வார். எலக்ட்ரீஷியன் சொல்வார். ரேஷன் கடையில், ஸ்டான்லி ஆஸ்பத்திரி வார்டில், கன்டெய்னர் லாரி டிரைவர் வாயில், கேரம் போர்டைச் சுற்றி நிற்கும் பையன்கள் நடுவில் என்று எல்லா இடத்திலும் இதே சொல்தான். ஆனால் ஆளுக்கு ஒரு பொருள். திருநெல்வேலியிலிருந்தோ தேனியிலிருந்தோ வருபவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். மீதிப் பாதி தெரியாததால்தான் தண்ணீர் தவறிப்போகிறது, ரயில் மாறிப்போகிறது, வீட்டு ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

தொடங்கும் முன் ஒரு காதுப் பயிற்சி. ‘லைன்’ என்ற சொல் மட்டும் காதில் விழுந்தால் எதுவும் விளங்காது. அதோடு ஒட்டிய உருபையும், பின்னால் வரும் வினையையும் சேர்த்துக் கேளுங்கள். ‘லைன்ல வா’ என்றால் வரிசையில் வா. ‘லைனுக்கு வா’ என்றால் வழிக்கு வா, பிடிவாதத்தை விடு. ‘லைனுக்குப் போயிருக்காரு’ என்றால் வசூலுக்கோ சரக்குப் போடவோ ஒரு சுற்றுக்குக் கிளம்பியிருக்கிறார். ‘லைன் வந்துச்சு’ என்றால் கரண்டோ தண்ணீரோ வந்துவிட்டது. ‘லைன் போட்டாச்சு’ என்பது ஆஸ்பத்திரியில் ஒன்று, வீட்டில் குழாய் வேலை நடக்கும்போது இன்னொன்று. ‘லைனாண்ட நிக்கிறேன்’ என்றால் ரயில் பாதைப் பக்கத்தில் நிற்கிறேன் என்று பொருள். ‘ஆண்ட’ என்றால் இங்கே ‘அருகில்’. யார் பேசுகிறார், எங்கே நின்று பேசுகிறார் என்பதையும் சேர்த்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. சந்தேகம் வந்தால் தயங்காமல் கேளுங்கள்: “அண்ணா, எந்த லைனைச் சொல்றீங்க?” இந்தப் பக்கத்து மனிதர்கள் இப்படிக் கேட்டால் கோபப்பட மாட்டார்கள். கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டுபவர்கள்தான் அதிகம்.

முதல் படி: வீடு பார்க்கும்போது

புரோக்கரோ டீக்கடைக்காரரோ “லைன் வீடு ஒண்ணு காலியா இருக்கு” என்றால், ஒரே கூரையின் கீழோ ஒரே காம்பவுண்டுக்குள்ளோ வரிசையாகக் கட்டிய சிறு வீடுகளில் ஒன்று என்று புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும் இருக்கும். நடுவே நீளமான நடை. கடைசியில் பொதுக் கழிவறை, துணி துவைக்கும் கல், தண்ணீர் பிடிக்கும் இடம். துறைமுகத்துக்கும் மில்லுக்கும் ரயில்வேக்கும் வேலைக்கு வந்தவர்களைத் தாங்கிய ஊர் இது. வாடகை கட்டுப்படியாகும் என்பதால் இப்போதும் புதிதாக வருபவர்கள் முதலில் போய்ச் சேருவது பெரும்பாலும் இத்தகைய வீட்டில்தான். அக்கம்பக்கத்து ஆதரவு நிறைய கிடைக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நடையில் உள்ள ஏழு கதவும் திறக்கும்.

ஆனாலும் முன்பணம் கொடுக்கும் முன் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது கரண்ட் மீட்டர். உங்கள் வீட்டுக்குத் தனி மின் இணைப்பு உண்டா, அல்லது மொத்த லைனுக்கும் ஒரே இணைப்பு வைத்து உள்ளே சப்-மீட்டர் போட்டிருக்கிறார்களா? தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் யூனிட் ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறும். ஐந்தாறு குடித்தனம் ஒரே இணைப்பில் இருந்தால் அந்த 100 யூனிட் எல்லோருக்குமாக ஒருமுறைதான். மொத்தக் கணக்கு சீக்கிரமே மேல் விகிதத்துக்குப் போய்விடும். ஆகவே யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குவீர்கள் என்று முதலிலேயே கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் கழிவறை: எத்தனை வீட்டுக்கு எத்தனை, கழுவும் முறை யாருக்கு எந்த நாள். அப்புறம் தண்ணீர்: ஒரு வீட்டுக்கு எத்தனை குடம், யார் முறை எப்போது. கடைசியாக, இரவு எத்தனை மணிக்கு வெளிக்கதவைப் பூட்டுகிறார்கள் என்று கேளுங்கள். துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

முன்பணம் பற்றி ஒன்று. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பழைய வழக்கம். 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரையில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. இதைச் சண்டையாகக் கேட்க வேண்டாம். “சட்டத்துல மூணு மாசம்னு இருக்கே அக்கா, கொஞ்சம் குறைச்சுக்கங்க” என்று மரியாதையாகக் கேட்டால் பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும்.

முகவரி கேட்கும்போதும் ‘லைன்’ வரும். ‘போலீஸ் லைன்’ என்றால் போலீஸ் குடியிருப்பு வரிசை. பாரிமுனைப் பக்கம் ‘செகண்ட் லைன் பீச்’ என்று தெருப்பெயர் பார்த்தால் குழம்ப வேண்டாம். இப்போதைய ராஜாஜி சாலைக்கு ‘ஃபர்ஸ்ட் லைன் பீச்’ என்று ஒரு பெயர் இருந்தது. கடலைப் பார்த்த முதல் வரிசை அது. அதற்குப் பின்னால் இருப்பது இரண்டாவது வரிசை. துறைமுகம் வந்து கடலைத் தள்ளிவைத்துவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இரண்டாம் படி: தண்ணீர்

இங்கே தண்ணீருக்கு மூன்று பெயர். ‘லைன் தண்ணி’ என்றால் மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாயில் வருவது. ‘லாரித் தண்ணி’ என்றால் டேங்கர் லாரி கொண்டுவருவது. ‘போர் தண்ணி’ என்றால் ஆழ்குழாய்க் கிணற்று நீர். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணி பல இடங்களில் உப்பு. குளிக்கத் துவைக்கத்தான் உதவும். சமையலுக்கும் குடிப்பதற்கும் லைன் தண்ணியை நம்பித்தான் பெரும்பாலான குடும்பங்கள் இருக்கின்றன. புழல் ஏரியும், மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கிய கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும் இந்தப் பக்கத்துக் குழாய்களுக்குத் தண்ணீர் தரும் முக்கிய இடங்கள். அந்த நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர்.

குடிவந்த அன்றே பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்க வேண்டிய கேள்வி: “அக்கா, லைன்ல தண்ணி எப்போ வரும்?” தெருவுக்குத் தெரு நேரம் மாறும். விடியற்காலையில் வரும் தெருவும் உண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தெருவும் உண்டு. தெரு முனைக் கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும் அந்த அக்காவுக்குத் தெரியும். நேரத்தை அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். “தண்ணி வந்தா ஒரு குரல் கொடுங்கக்கா” என்று சொல்லி வைப்பது இன்னும் நல்லது.

குழாயில் அழுத்தம் குறைவாக இருப்பதால் பல வீடுகளில் லைனோடு அடிபம்பைப் பொருத்தியிருப்பார்கள். அடித்துத்தான் பிடிக்க வேண்டும். தண்ணீர் வந்ததும் முதலில் வருவதைக் கொஞ்சம் வெளியே விடுங்கள். நிறம் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். அதன் பிறகே குடத்தை வையுங்கள். பழைய பகுதிகளில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் போகும். விரிசல் விட்டால் ஒன்றோடொன்று கலக்கும். “லைன் கலந்துடுச்சு” என்று தெருவில் பேச்சு கேட்டால் அது மிக அவசரமான செய்தி. அன்று அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ பாத்திரம் கழுவவோ வேண்டாம். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கவும் வேண்டாம். மெட்ரோ வாட்டரின் 1916 என்ற எண்ணுக்கோ 044-4567 4567 என்ற எண்ணுக்கோ போன் போட்டுத் தெருப்பெயரையும் வார்டையும் சொல்லிப் புகார் எண்ணை வாங்கி எழுதி வையுங்கள். தெருவில் நான்கு வீட்டிலிருந்து நான்கு புகார் போனால் ஆள் வருவது வேகமாகும் என்பதை இங்கே எல்லோரும் கண்டிருக்கிறார்கள்.

லைனில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவதைச் சில வீடுகளில் பார்ப்பீர்கள். அதைச் செய்யாதீர்கள். விதிப்படி தவறு என்பது ஒரு பக்கம். நீங்கள் உறிஞ்சினால் தெருக்கோடி வீட்டுக்கு ஒரு சொட்டும் போகாது. குழாயில் விரிசல் இருந்தால் மோட்டார் அந்த வழியே சாக்கடையையும் சேர்த்து இழுக்கும். எனக்கு இதில் சமாதானமே கிடையாது: தெருத் தண்ணீரைக் கெடுக்கிற வேலை அது.

மூன்றாம் படி: கரண்ட்

எலக்ட்ரீஷியன் ‘லைன்’ என்றால் மின்சாரம் ஓடும் கம்பி. ‘லைன், நியூட்ரல், எர்த்’ என்று மூன்றைப் பிரித்துச் சொல்வார். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். “லைன் இருக்கு, கை வைக்காதே” என்றால் உடனே கையை எடுங்கள், விளக்கம் பிறகு கேட்கலாம். ‘ஒரு லைன் போச்சு’ என்றால் மும்முனை இணைப்பில் ஒரு முனை இல்லை. அப்போது உங்கள் வீட்டில் பாதி விளக்கு எரியும், பாதி எரியாது; அல்லது எதிர் வீட்டில் எரியும், உங்கள் வீட்டில் எரியாது. இதை வீட்டு ஒயரிங் கோளாறு என்று நினைத்து எலக்ட்ரீஷியனுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள்: “உங்க வீட்டுலயும் ஒரு லைன் இல்லையாக்கா?” ஆமாம் என்றால் மின்வாரியத்தின் வேலை. அவர்களுடைய புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். இணைப்பு எண்ணைக் கேட்பார்கள். அது மின்கட்டண ரசீதில் இருக்கும். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வந்து சரிசெய்பவர் ‘லைன்மேன்’.

மழைக்காலத்தில் தெரு ஓர மின்வாரியப் பில்லர் பெட்டி பக்கம் தண்ணீர் தேங்கினால் அதன் வழியே நடக்காதீர்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

நான்காம் படி: ரயில்

இந்தச் சொல்லுக்கு வடசென்னையில் மிக ஆழமான வேர் ரயிலில்தான் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று கிளம்பியது நம் ராயபுரத்திலிருந்துதான். வாலாஜா ரோடு வரை போனது. ராயபுரம் நிலையக் கட்டடம் இன்னும் நிற்கிறது. நேரம் கிடைத்தால் போய்ப் பாருங்கள். ‘லைன் கிளியர்’ என்று எல்லோரும் சொல்லும் தொடரும் ரயில்வேயில் வந்ததுதான். அடுத்த நிலையத்திலிருந்து பாதை காலியாக இருக்கிறது என்று அனுமதி வந்தால்தான் இந்த நிலையம் வண்டியை விடும். அந்த அனுமதிதான் லைன் கிளியர். இப்போது வீட்டில் பெண் கேட்கப் போகலாமா என்பதற்கும், சந்தில் லாரி ரிவர்ஸ் எடுக்கலாமா என்பதற்கும் அதே சொல்.

சரி, பயணத்துக்கு வருவோம். ‘கும்மிடிப்பூண்டி லைன்’ என்றால் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாக வடக்கே போகும் பாதை. ‘அரக்கோணம் லைன்’ என்றால் வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், வில்லிவாக்கம், ஆவடி, திருவள்ளூர் என்று மேற்கே போவது. புதியவர்கள் தவறுவது இந்த இரண்டும் பிரியும் இடத்தில். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்பும் வண்டிகள் பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் பிரியும். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வரும் வண்டிகள் ராயபுரம், வண்ணாரப்பேட்டை வரை ஒரே பாதையில் வந்து அதன் பிறகு பிரியும். ஆகவே கொருக்குப்பேட்டைக்குப் போக வேண்டியவர் ‘பெரிய கூட்டம் ஏறுகிறது, நாமும் ஏறுவோம்’ என்று ஏறினால் பெரம்பூரில் இறங்கித் திரும்ப வேண்டியிருக்கும். வண்டியின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊரைப் பாருங்கள், அல்லது ஏறும் முன் வாசலில் நிற்பவரிடம் “கும்மிடிப்பூண்டி லைனாண்ணா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மெட்ரோ ரயிலில் ‘ப்ளூ லைன்’ என்பது விமான நிலையத்திலிருந்து சென்ட்ரல் வழியாக இந்தப் பக்கம் வருவது. வண்ணாரப்பேட்டையோடு நின்றிருந்த அது 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது. தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி என்று நிலையங்கள் வரிசையாக வரும். வடிவுடையம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் தேரடியில் இறங்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை என்ற பெயர்களில் மின்சார ரயில் நிலையமும் உண்டு, மெட்ரோ நிலையமும் உண்டு. பெயர் ஒன்று, இடம் வேறு. “ஸ்டேஷன்ல நிக்கிறேன்” என்று யாராவது சொன்னால் எந்த லைன் ஸ்டேஷன் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

‘லைனைத் தாண்டி’ என்று வழி சொன்னால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என்று பொருள். கேட்டு போட்டிருந்தால் நில்லுங்கள், சுரங்கப் பாதையோ மேம்பாலமோ இருந்தால் அதில் போங்கள். குறுக்கே நடப்பது ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். சட்டத்தை விடுங்கள், இந்தப் பாதைகளில் சரக்கு வண்டி, மின்சார வண்டி, எக்ஸ்பிரஸ் எல்லாம் ஓடுகின்றன. ஒரு வண்டி போனதும் கடக்கலாம் என்று காலை வைப்பவர் அடுத்த பாதையில் வரும் வண்டியைப் பார்ப்பதில்லை. எல்லோரும் தாண்டுகிறார்கள் என்பதற்காக நீங்கள் தாண்டாதீர்கள்.

ஷேர் ஆட்டோ ஸ்டாண்டிலும் லைன் உண்டு. முதலில் நிற்கும் வண்டிதான் முதலில் ஏற்றும். பின்னால் நிற்கும் காலி வண்டியில் போய் உட்கார்ந்தால் “லைன்ல முன்னாடி வண்டில ஏறுங்க” என்று அந்த டிரைவரே சொல்லிவிடுவார்.

ஐந்தாம் படி: வரிசை

ரேஷன் கடை, தண்ணீர் லாரி, பள்ளிக்கூட விண்ணப்பம், கோயில் தரிசனம் எல்லாவற்றிலும் லைன் என்றால் வரிசை. ஆள் நின்றால்தான் வரிசை என்று நினைக்காதீர்கள். பை, செருப்பு, கல், குடம் இவையும் இங்கே வரிசையில் நிற்கும். அந்தக் குடத்துக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்தவர், இறக்கிவைக்கப் போயிருப்பார். அவருடைய குடத்தை நகர்த்தாதீர்கள். போனவுடன் “கடைசி ஆள் யாரு?” என்று கேளுங்கள், “நான் உங்களுக்குப் பின்னாடி” என்று முகம் காட்டிச் சொல்லுங்கள், பிறகு பையை வையுங்கள். சில இடங்களில் ‘லேடீஸ் லைன்’ தனியாகப் போகும். முதியவர்களையும் கைக்குழந்தையோடு வந்தவர்களையும் யாரும் கேட்காமலே முன்னால் அனுப்புவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

“இன்னாம்மா, லைன்ல வராம போற?” என்று யாராவது சத்தம் போட்டால் சண்டை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பக்கத்துப் பேச்சின் சத்தமே அவ்வளவு. “தெரியலக்கா, புதுசா வந்திருக்கேன்” என்றால் அவரே இடம் விடுவார்.

ஆறாம் படி: ஆஸ்பத்திரி

இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அரசு ஸ்டான்லி மருத்துவமனைக்கு இந்தப் பகுதி முழுவதிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். புறநோயாளிப் பிரிவில் ‘லைன்’ என்றால் வரிசை. சீட்டு வாங்க ஒன்று, டாக்டரைப் பார்க்க ஒன்று, மருந்து வாங்க ஒன்று. காலையிலேயே போய்விடுங்கள், பழைய சீட்டை மறக்காதீர்கள்.

ஆனால் வார்டுக்குள் நர்ஸ் “பாட்டிக்கு லைன் போடணும்” என்றால் பொருளே வேறு. கையில் நரம்பில் சின்னக் குழாய் செருகி, அதன் வழியே குளுக்கோஸும் மருந்தும் ஏற்றுவது அது. ‘லைன் இருக்கா?’ என்றால் அந்தக் குழாய் கையில் இருக்கிறதா என்று கேட்கிறார். ‘லைன் வேலை செய்யலை’ என்றால் மருந்து சரியாக இறங்கவில்லை, மாற்ற வேண்டும். இது பெரிய ஆபரேஷன் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் கூட இருப்பவர் கவனிக்க வேண்டியவை உண்டு. செருகிய இடம் வீங்கினாலோ சிவந்தாலோ, நோயாளி எரிகிறது என்று சொன்னாலோ, ரத்தம் பின்னேறினாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். நீங்களே திருகவோ வேகத்தைக் கூட்டவோ கூடாது. படிக்காத பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே தமிழில் சொல்லிவிட்டால் அவர்கள் கையைப் பதறி இழுக்க மாட்டார்கள்.

ஏழாம் படி: வேலை பேசும்போது

“இன்னா லைன்ல கீறீங்க?” என்று கேட்டால் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று பொருள். ‘மீன் லைன்’, ‘இரும்பு லைன்’, ‘லாரி லைன்’ என்று சொல்வார்கள். தொழிற்சாலையில் அதே சொல் உற்பத்தி வரிசையைக் குறிக்கும். எண்ணூரில் லாரி, பஸ் தயாரிக்கும் அசோக் லேலண்டும், திருவொற்றியூரில் 1950-களிலிருந்து இருக்கும் ராயல் என்ஃபீல்ட் ஆலையும் அதைச் சுற்றிய சிறு பட்டறைகளும் இந்தப் பேச்சை ஊரெங்கும் பரப்பியிருக்கின்றன. ‘லைன் நின்னுடுச்சு’ என்றால் உற்பத்தி நின்றுவிட்டது, சூப்பர்வைசர் ஓடிவருவார்.

துறைமுக வேலைக்கு வருபவர்கள் இன்னும் இரண்டு பொருளைக் கற்க வேண்டும். கன்டெய்னர் யார்டில் ‘எந்த லைன்?’ என்று கேட்டால் எந்தக் கப்பல் கம்பெனி என்று கேட்கிறார்கள். ‘லைன் சீல்’ என்பது அந்தக் கம்பெனி பூட்டிய முத்திரை. கஸ்டம்ஸ் சீல் வேறு. காலிப் பெட்டியைத் திருப்பி ஒப்படைக்கும்போது எந்த லைனுடைய யார்டு என்று தெரியாமல் போனால் மணலிக்கும் மாதவரத்துக்கும் அலைய வேண்டியிருக்கும். பெட்டியின் கதவில் நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் இருக்கும். எழுத்துகள் பெட்டியின் உரிமையாளரைக் காட்டும். ஆனால் பெட்டியே வாடகைக் கம்பெனியுடையதாக இருக்கலாம் என்பதால், கையில் இருக்கும் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முடிவு. இரண்டாவது பொருள், கேட்டு வரிசை. “வண்டி லைன்ல நிக்குது” என்று டிரைவர் வீட்டுக்குப் போன் செய்தால், எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகக் கேட்டுக்குள் போகக் காத்திருக்கிறார் என்று அர்த்தம். சோறு சூடாக வைத்திருக்கத் தேவையில்லை, எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது.

பேப்பர் போடுகிறவர், பால் போடுகிறவர், கடைகளுக்குச் சரக்குப் போடும் சேல்ஸ்மேன் மூவருக்கும் ‘லைன்’ என்றால் அன்றாடச் சுற்று. “இன்னிக்கு ராயபுரம் லைன், நாளைக்குத் திருவொற்றியூர் லைன்.”

எட்டாம் படி: கடன்

வசூலுக்குச் சுற்றுபவருக்கும் லைன் உண்டு. இங்கே ‘தண்டல்’ என்ற பெயர்தான் அதிகம். காய்கறி வண்டிக்காரர், மீன் விற்கும் அம்மா, இட்லிக் கடை வைத்திருப்பவர் எல்லோரையும் சுற்றி ஒரு வசூல் லைன் ஓடும். புதிதாக வந்து கையில் பணம் இல்லாத நேரத்தில் “பத்தாயிரம் வாங்கிக்கங்க, தினம் நூறு ரூபாய் கொடுத்தா போதும்” என்று அன்பாகத்தான் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாயிரத்தில் ஆயிரத்தை முன்கூட்டியே கழித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் கொடுத்து, நாளுக்கு நூறாக நூறு நாள் வாங்கினால், ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே நீங்கள் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நூறு நாளில் சராசரியாக உங்கள் கையில் இருப்பது அதில் பாதிப் பணம்தான். வருடக் கணக்கில் பார்த்தால் வட்டி 80 சதவீதத்தை ஒட்டி வரும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. முடிந்தவரை மகளிர் குழுக் கடன், நகைக்கடன், கூட்டுறவு வங்கி என்று தேடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் கொடுத்த ஒவ்வொரு நூறையும் தேதி போட்டு எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வெற்றுத் தாளிலோ காசோலையிலோ கையெழுத்துப் போடாதீர்கள்.

வாயைக் காக்க வேண்டிய இடம்

‘லைன் அடிக்கிறது’, ‘லைன் உடுறது’ என்றால் ஒரு பெண்ணையோ ஆணையோ மயக்கப் பார்ப்பது. நண்பர்களுக்குள் விளையாட்டாகச் சொல்வார்கள். அறிமுகமில்லாத வீட்டில், வேலை இடத்தில், தெருவில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு பெண்ணின் பெயரோடு சேர்த்து ஒருபோதும் வேண்டாம். கேட்டவர் வீட்டில் போய்ச் சொன்னால் அந்தப் பெண்ணுக்குத்தான் முதல் தொல்லை. போனில் ‘லைன்ல இருங்க’, ‘லைன் கட்டாயிடுச்சு’ என்பதெல்லாம் எங்கும் உள்ளதுதான், அதில் பயம் இல்லை.

கடைசிப் படி: கேரம் போர்டு

தெருவில் மனிதர்களோடு பழக வேண்டும் என்றால், மாலையில் கேரம் போர்டு பக்கம் போய் நில்லுங்கள். இந்த விளையாட்டை வடசென்னை வெறும் பொழுதுபோக்காக வைத்திருக்கவில்லை. சென்னையின் மரிய இருதயம் 1996-ல் கேரத்துக்காக அர்ஜுனா விருது பெற்றார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள்.

போர்டில் லைன் என்றால் உங்கள் பக்கம் இருக்கும் இரட்டைக் கோடு. ஸ்ட்ரைக்கர் இரண்டு கோட்டையும் தொட்டபடி இருக்க வேண்டும். ஓரத்தில் இருக்கும் சிவப்பு வட்டத்தில் வைத்தால் அதை முழுவதும் மூட வேண்டும், பாதி தொட்டபடி வைக்கக் கூடாது. “லைன்ல இல்ல” என்று எதிரில் இருப்பவர் சொன்னால் வாதாடாமல் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அடித்துவிட்டிருந்தால் தெரு வழக்கப்படி ஒரு காயை ஃபைனாக நடுவில் வைக்கச் சொல்வார்கள்; எந்த போர்டில் என்ன வழக்கம் என்பதை ஆட்டம் தொடங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ஆட்டத்துக்குப் பெயர் கொடுக்க, “நான் லைன்ல இருக்கேண்ணா” என்றால் போதும்.